மகாவித்துவானை இன்று யார் வாசிக்கிறார்கள்?

உங்கள் கேள்வி இதுதான்: ஒருவர் பெரியவரா இல்லையா என்பதை அவரோடு வாழ்ந்தவர்கள் சரியாகச் சொல்வார்களா, நூறு வருஷம் கழித்து வருகிறவர்கள் சரியாகச் சொல்வார்களா? கேள்வியோடு உங்கள் பதிலையும் சேர்த்தே எழுதிவிட்டீர்கள். பாரதியின் கடைசி ஊர்வலத்தில் இருபது பேர்கூட இல்லை, இன்று அவர் பெயரில் தெரு இல்லாத ஊர் இல்லை, ஆகவே பின்னால் வருகிறவர்கள்தான் சரியான நீதிபதி என்கிறீர்கள்.

பாரதியை மட்டும் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் வழக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால் அவரைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அவர் பிறப்பதற்கு ஆறு வருஷம் முன்பே காலமாகிவிட்ட ஒருவரிடமிருந்து தொடங்குகிறேன்.

மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1815ல் திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் பிறந்தவர், 1876ல் திருவாவடுதுறையில் மறைந்தவர், அங்குள்ள சைவ மடத்தின் ஆதீன வித்துவான். பெயருக்கு முன்னால் நாம் இன்றும் சேர்த்துச் சொல்கிற 'மகாவித்துவான்' அவர் காலத்தவர் கொடுத்தது. அன்று தமிழ் படித்தவர்களிடம் இருக்கிறவர்களில் பெரிய புலவர் யார் என்று கேட்டிருந்தால், பெரும்பாலோர் யோசிக்காமல் அவர் பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள். கம்பரோடு ஒப்பிட்டுப் பேசியவர்களும் உண்டு.

அவர் வேலை செய்த விதத்தைக் கேட்டால் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பது புரியும். ஓர் ஊரின் பெரிய மனிதர்கள் தங்கள் கோயிலுக்குத் தலபுராணம் வேண்டும் என்று வருவார்கள். வடமொழியில் இருக்கும் தல மகாத்மியத்தை ஒருவர் வாசித்துப் பொருள் சொல்வார். அதை மனத்தில் வாங்கிக்கொண்டு பிள்ளை வாயால் பாட்டுச் சொல்லிக்கொண்டே போவார், மாணவர் ஒருவர் ஏட்டில் எழுதிக்கொண்டே போவார். களைப்பு எழுதுகிறவருக்குத்தான், சொல்கிறவருக்கு இல்லை. இப்படி இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்கள். அவை போக பிள்ளைத்தமிழ், அந்தாதி, உலா, கோவை என்று ஒரு மலை. யமகம், திரிபு மாதிரிச் சொல் விளையாட்டுச் செய்யுள்கள் எல்லாம் அவருக்கு விரல்நுனியில். அரங்கேற்றம் கோயிலில் நாள் கணக்காக நடக்கும், கேட்க ஊரே கூடும்.

இன்று? தமிழ் எம்.ஏ. படித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சேக்கிழார் பிள்ளைத்தமிழ் என்று பெயர் சொல்வார்கள். அவருடைய தலபுராணங்களில் சிறந்தது என்று அறிந்தவர்கள் சொல்லும் திருநாகைக்காரோணப் புராணத்தை முழுக்கப் படித்த ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. நானும் படித்ததில்லை. ஒருமுறை மும்முரமாகத் தொடங்கினேன், நாட்டுச் சிறப்பைத் தாண்டி நகரச் சிறப்பில் நின்றுவிட்டேன். பாட்டு மோசம் என்று நிற்கவில்லை. ஒவ்வொரு பாட்டிலும் ஏதோ ஒரு கெட்டிக்காரத்தனம் இருப்பது தெரிகிறது. அதைச் சட்டென்று பிடித்து 'ஆகா' என்று சொல்ல என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ அது எனக்குத் தெரியவில்லை. உரையைப் பார்த்து, அகராதியைப் பார்த்து, மறுபடி பாட்டுக்கு வருவதற்குள் சிரிப்பு ஆறிப்போன ஜோக் மாதிரி ஆகிவிடுகிறது.

அப்படியானால் அவர் காலத்தவர் ஏமாந்துவிட்டார்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தச் சபையில் உட்கார்ந்து கேட்டவர்களில் பலர் தாங்களே செய்யுள் எழுதியவர்கள். ஒரு வெண்பாவின் ஈற்றடியில் மாட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க விழித்தவனுக்குத்தான், ஒருவர் வெற்றிலை போட்டுக்கொண்டே நூறு பாட்டுச் சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். கைத்திறனைப் பற்றி அவர்கள் சொன்ன தீர்ப்பு இன்றும் செல்லும். அதைத் தள்ளுபடி செய்ய நமக்குத் தகுதி இல்லை, ஏனென்றால் அந்த விளையாட்டின் விதிகளே நமக்கு மறந்துபோய்விட்டன. நாம் பிள்ளையைப் படித்துப் பார்த்துத் தள்ளியிருந்தால் அது தீர்ப்பு. படிக்கவே இல்லை என்பது கட்டைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்த கதை.

அதற்காக அவர் காலத்து அளவுகோல் முழுசாகச் சரி என்றும் சொல்லமாட்டேன். பிள்ளையே ஒருமுறை அதில் தடுக்கி விழுந்திருக்கிறார். கோபாலகிருஷ்ண பாரதியார் (நாம் வெளியே உட்காரவைத்த பாரதி அல்ல, அவருக்கு முந்தியவர்) நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை இயற்றிவிட்டு, சிறப்புப்பாயிரம், அதாவது நூலைப் பாராட்டி முன்னால் வைக்கும் செய்யுள், வாங்க மாயூரத்தில் பிள்ளையிடம் வந்தார். நூலில் இலக்கணப் பிழைகள் இருந்தன, சொற்கள் பேச்சு வழக்கில் இருந்தன. பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. நேரே முடியாது என்று சொல்லவும் மனம் வராமல் இன்று நாளை என்று இழுத்தடித்தார். பாரதியார் விடாமல் வந்துகொண்டே இருந்தார். ஒருநாள் பிள்ளை உள்ளே படுத்திருக்க, பாரதியார் திண்ணையில் உட்கார்ந்து தம் கீர்த்தனைகளைப் பாட ஆரம்பித்தார். உள்ளே இருந்தவர் கேட்டுக் கேட்டு உருகிப்போய், வெளியே வந்து பாயிரம் எழுதிக் கொடுத்தார்.

இந்தச் சம்பவத்தை உ.வே. சாமிநாதையர் எழுதிவைத்ததால் நமக்குத் தெரிகிறது. எனக்கு இதில் பிடித்தது, ஒரே மனிதர் இரண்டு தீர்ப்பு சொன்னதுதான். ஏட்டைப் பார்த்தபோது ஒன்று, காதால் கேட்டபோது இன்னொன்று. பின்னால் வந்தவர்கள் உறுதி செய்தது இரண்டாவதை. ஆனால் அந்த இரண்டாவதைச் சொல்ல நூறு வருஷம் தேவைப்படவில்லை, ஒரு திண்ணையும் ஒரு மத்தியானமும் போதுமாக இருந்தது.

சாமிநாதையர் 1871லிருந்து பிள்ளை இறக்கும் வரை அவரிடம் பாடம் கேட்டவர். 1880 அக்டோபரில், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தபோது, அந்த ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று பட்டியல் சொன்னார். பெரிய வித்துவானிடம் படித்த பெருமையோடுதான் சொன்னார். முதலியார் அசரவில்லை. இதெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிற தோரணையில், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். சாமிநாதையர் அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பின்வந்தவர்கள்தான் சரியான நீதிபதி என்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். சிந்தாமணி சமணக் காப்பியம், சைவ மடங்களின் பாடத்திட்டத்தில் அதற்கு இடம் இல்லை. சங்கப் பாட்டுகளின் நிலை அதைவிடக் கொஞ்சம் மோசம். அவை பிறந்தபோது அரசர்கள் பரிசில் கொடுத்துக் கேட்ட பாட்டுகள். அப்புறம் ஒரு காலத்தவர் மதித்துத் தொகுத்தார்கள், இன்னொரு காலத்தவர் உரை எழுதினார்கள். அதற்கும் பின்னால் வந்தவர்கள் பரணில் போட்டுவிட்டார்கள். 1875ல் ஒருவர் உங்களைப் போலவே 'காலம் தீர்ப்புச் சொல்லிவிட்டது' என்று பேசியிருந்தால், அந்தத் தீர்ப்பில் புறநானூறு தோற்றவர் வரிசையிலும் தலபுராணங்கள் வென்றவர் வரிசையிலும் இருந்திருக்கும். சிந்தாமணியைச் சாமிநாதையர் அச்சிட்டது 1887ல், பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894. அடுத்த இருபது வருஷத்துக்குள் வரிசை தலைகீழாகிவிட்டது. எந்த வருஷத்துப் பின்வந்தவர்களை நாம் நீதிபதி என்கிறோம்?

அந்தத் தலைகீழ் மாற்றத்தில் அடிபட்டவர்களில் முதன்மையானவர் சாமிநாதையரின் குருநாதர்தான். மாணவர் மீட்டுக்கொடுத்த நூல்களின் வெளிச்சத்தில் ஆசிரியரின் நூல்கள் மங்கின. இதை சாமிநாதையர் உணர்ந்திருப்பார் என்றே நினைக்கிறேன். 1933, 1934ல் பிள்ளையின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். மகாவித்துவானைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அதிலிருந்து வந்தது. நாம் அந்த மனிதரை வாசிக்கிறோம், அவர் பாட்டை வாசிப்பதில்லை.

இப்போது பாரதியை உள்ளே கூப்பிடலாம். முதலில் நீதிபதியாகவே கூப்பிடுகிறேன். 1906ல் சாமிநாதையருக்கு 'மகாமகோபாத்தியாய' பட்டம் கிடைத்தபோது பாரதி அவரை வாழ்த்திப் பாடினார். உமக்குப் பொருள் இல்லையே, உலக சுகங்கள் இல்லையே என்று வருந்தவேண்டாம், பொதிய மலையில் பிறந்த மொழி வாழும் காலம் எல்லாம் புலவர் வாயில் துதி பெற்று 'இறப்பின்றித் துலங்குவாயே' என்றார். பாடியவருக்கு வயது இருபத்து மூன்று. தன் கண் முன்னால் நடமாடும் ஒரு கல்லூரி ஆசிரியரைப் பற்றி இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிந்திருக்கிறது. நூறு வருஷத்துக்குப் பிறகு நாம் இதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

பாரதியைப் பற்றி அவர் காலத்தவர் என்ன சொன்னார்கள்? ஊர்வலத்தில் வந்த தலைகளை எண்ணுவதோடு நிறுத்தினால் தவறான கணக்கு வரும். 1907ல், வி. கிருஷ்ணசாமி ஐயர் பாரதி பாடுவதைக் கேட்டுவிட்டு, தன் செலவில் 15,000 பிரதி அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார். ஐயர் காங்கிரசில் மிதவாதி. பாரதி தன் பத்திரிகையில் அந்தக் கட்சியை விளாசிக்கொண்டிருந்த திலகர் கட்சிக்காரர். எதிர்க் கட்சிக்காரரிடமிருந்து இப்படி ஒரு சான்றிதழ் கிடைப்பதற்கு மேல் என்ன வேண்டும்? புதுச்சேரியில் அவரைச் சுற்றி இருந்த இளைஞர்களில் வ.ரா. என்கிற வ. ராமசாமியும், பிற்பாடு பாரதிதாசன் ஆன கனகசுப்புரத்தினமும் இருந்தார்கள். யாரோடு உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கும் தெரிந்திருந்தது. அவர் இறந்து ஏழு வருஷம் கழித்து, 1928ல், சென்னை அரசாங்கம் அவர் பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி எழுந்து சண்டை போட்டார். ஒன்றுமில்லாதவனின் புத்தகத்தை யாரும் தேடிப் பிடுங்கமாட்டார்கள்.

ஆக, தெரிந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் சில பேர்தான், கையில் காசும் இல்லை. 1920ல் பாரதி தன் எழுத்து முழுவதையும் நாற்பது பகுதிகளாக, ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதி போடத் திட்டமிட்டு, நண்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெய், தீப்பெட்டியைவிட அதிகமாக விற்கும் என்று நம்பினார். பணம் வரவில்லை. அந்தச் சுற்றறிக்கையை வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும். வியாபாரக் கணக்கு சரி, வருஷம்தான் தப்பு.

பின்வந்தவர்களும் சட்டென்று ஒத்துக்கொள்ளவில்லை. 1930களின் நடுவில் 'பாரதி மகாகவியா?' என்று ஒரு பெரிய சண்டை நடந்தது. மகாகவிதான் என்றவர் வ.ரா. நல்ல கவி, தேசிய கவி, ஆனால் வால்மீகி, காளிதாசன், ஷேக்ஸ்பியர் வரிசையில் வைக்க முடியாது என்றவர் கல்கி. எழுத்தாளர்கள் கு.ப.ராஜகோபாலனும் சிட்டியும் வ.ரா. பக்கம் நின்று தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார்கள், அவை 1937ல் புத்தகமாக வந்தன. கவனியுங்கள், கூடவே இருந்து பழகிய வ.ரா.தான் மகாகவி என்றார், ஒரு தலைமுறை தள்ளி நின்று காகிதத்தில் வாசித்த கல்கிதான் தயங்கினார். கிட்டே இருந்தால் மதிப்புத் தெரியாது, தூரம் போனால்தான் மலையின் உயரம் தெரியும் என்று சொல்கிறோமே, இங்கே அது செல்லுபடியாகவில்லை. கல்கியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் கட்ட ஓடியாடிப் பணம் திரட்டியவர் அவரே, 1947ல் அது திறக்கப்பட்டது. ஒருவருக்கு மண்டபம் கட்டவும் அவரை மகாகவி அல்ல என்று சொல்லவும் ஒரே மனிதரால் முடிந்திருக்கிறது. இன்றைக்கு நாம் அந்தப் பண்பை இழந்துவிட்டோம் என்று சில நாள் தோன்றும்.

அந்தச் சண்டையில் யார் ஜெயித்தார்கள்? வ.ரா. என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எப்படி ஜெயித்தார் என்பதையும் பார்க்க வேண்டும். வாதத்தில் மட்டும் அல்ல. டி.கே. பட்டம்மாளின் குரல் பாரதி பாட்டை இசைத்தட்டிலும் வானொலியிலும் கொண்டுபோனது. 1947ல் வந்த ஏவி.எம். படம் ஒன்று அதைக் கிராமத்துக் கொட்டகை வரை கொண்டுபோனது. 1949ல் சென்னை அரசாங்கம் பாரதி படைப்புகளின் உரிமையை வாங்கியது, சில வருஷத்தில் அது பொதுச்சொத்தானது. அப்புறம் யார் வேண்டுமானாலும் மலிவுப் பதிப்புப் போடலாம் என்று ஆயிற்று. பள்ளிப் பாடம், மேடைப் பேச்சு, மாறுவேடப் போட்டியில் ஒட்டுமீசை. ஒரு குழந்தை பாரதியைப் படித்துப் பார்த்துப் பெரியவர் என்று முடிவுக்கு வருவதில்லை. பெரியவர் என்று தெரிந்துகொண்ட பிறகு, படித்தால் படிக்கிறது. பின்வந்தவர்களின் தீர்ப்பு என்று நாம் மரியாதையாகச் சொல்வதில் பாதி இப்படிப் பரம்பரையாகக் கைக்கு வந்த நகைதான். உரசிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

உரசிப் பார்க்கத் தெரிந்தவன் என்ன செய்வான் என்பதற்குத் தமிழ் இலக்கியத்தை விட்டு ஒரு உதாரணம். 1913ல் கணித மேதை ராமானுஜன் எழுதிய கடிதத்தைக் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி படித்தார். அதற்கு முன் கேம்பிரிட்ஜில் வேறு இரண்டு கணித மேதைகளுக்கும் ராமானுஜன் எழுதியிருந்தார், பயன் இல்லை. ஹார்டிக்கு நூறு வருஷம் வேண்டியிருக்கவில்லை, ஒரு நாள் போதுமாக இருந்தது. ஆனால் அதே ஹார்டி, ராமானுஜன் இறந்த பிறகு எழுதிய குறிப்பில், மிகப்பெரிய படைப்புகளில் இருக்கும் எளிமையும் தவிர்க்கமுடியாத தன்மையும் இவற்றில் இல்லை, விசித்திரம் குறைந்திருந்தால் இன்னும் பெரிதாக இருந்திருக்கும் என்றார். 1976ல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ராமானுஜனின் கடைசிக் காலத் தாள்கள் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற கணித அறிஞர் கண்ணில் பட்டன. ராமானுஜன் சாகும் வருஷத்தில் எழுதிய 'மாக் தீட்டா' என்ற கணிதச் சார்புகள் உண்மையில் என்ன என்பது 2002ல் ஸ்வேகர்ஸின் ஆய்வுக்குப் பிறகே தெளிவானது. விசித்திரம் என்று பட்டதற்கு ஒரு வீடு இருந்தது, அந்த வீட்டை ஹார்டி காலத்தில் யாரும் கட்டியிருக்கவில்லை.

என் கருத்து இங்கேதான் வந்து நிற்கிறது. இரண்டு தரப்பும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. கூட வாழ்ந்தவன், அதுவும் அதே தொழில் செய்கிறவன், செய்த காரியம் எவ்வளவு கஷ்டம், எவ்வளவு புதுசு என்று சொல்லிவிடுவான். பாரதியின் பாட்டு எளிமையாக இருப்பது நமக்கு ஆச்சரியமே இல்லை, அவருக்குப் பிறகு எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். தலபுராணங்கள் கேட்டு வளர்ந்த காதில் அந்த எளிமை விழுந்தபோது எப்படி இருந்திருக்கும் என்பது நமக்கு ஒருநாளும் கிடைக்காத அனுபவம். பின்னால் வருகிறவன் சொல்லக்கூடியது வேறு: செய்தவன் அறியாத ஓர் உலகத்தில், அவனைத் தெரியாத மனிதர்களுக்கு, அது இன்னும் ஏதாவது செய்கிறதா என்பது. முன்னவனிடம் பொறாமையும் நட்பும் குறுக்கே வரும், பின்னவனிடம் பாடநூலும் சிலையும் குறுக்கே வரும். இருவரில் ஒருவரைத்தான் நம்பலாம் என்று கட்டாயப்படுத்தினால், பாடநூல் இல்லாமல் தானாகவே தேடிப் படித்த ஒரு பின்வந்தவனை நம்புவேன். அவனைவிட ஒரு படி மேலாக, கிருஷ்ணசாமி ஐயரைப் போல, புகழ்வதால் தனக்கு எந்த லாபமும் இல்லாத சமகாலத்தவனை நம்புவேன்.

இந்த இருவருக்கும் நடுவில் ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறவன் ஒருவன் உண்டு. அவன் இல்லாவிட்டால் வழக்கே இல்லை. குறுந்தொகையில் 'செம்புலப் பெயல்நீர்' பாட்டை எழுதியவர் பெயர்கூட நம்மிடம் இல்லை, அந்தத் தொடரையே பெயராக வைத்துச் செம்புலப்பெயனீரார் என்கிறோம். தொகுத்தவர் அந்த ஒரு பாட்டை எடுத்து வைத்தார், பிழைத்தது. அவர் எடுக்காமல் விட்ட பாட்டுகளைப் பற்றி எந்தத் தலைமுறையும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அந்தக் குறுந்தொகைக்கே ஓர் உரை இருந்தது. நானூறு பாட்டில் முந்நூற்றெண்பதுக்குப் பேராசிரியர் என்ற பெயருள்ள பழைய உரையாசிரியர் எழுதினார். அவர் எழுதாமல் விட்ட இருபதுக்கு இன்னொரு உரையாசிரியரான நச்சினார்க்கினியர் பின்னால் எழுதி நிரப்பினார். இரண்டும் அழிந்துவிட்டன. நச்சினார்க்கினியரைப் பாராட்டி யாரோ எழுதிய ஒரு பழைய பாயிரச் செய்யுளில் இந்தச் செய்தி இருக்கிறது. எப்பேர்ப்பட்ட உரை என்று தெரிந்தவர்கள் அதைக் கையில் வைத்துப் படித்தவர்கள் மட்டும்தான். அவர்கள் சொன்னதில் நமக்கு வந்து சேர்ந்தது அந்த நாலைந்து வரி.